இத்தாலிய வினைச்சொல்லோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியன் படிக்கத் தொடங்கும் தமிழர்கள் முதல் சில வாரங்கள் உற்சாகமாக இருப்பார்கள். வினைச்சொல் அட்டவணை வந்ததும் முகம் மாறும். அந்த நேரத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். சொல்லின் நடுவில் நெடில் வந்தால் அங்கே அழுத்தம் விழும். சொல்லின் கடைசியில் வரும் ஆ, ஏ, ஓ ஆகியவற்றை இழுக்க வேண்டாம். சும்மா தொட்டுவிட்டு விடுங்கள். தமிழில் ப, த, க ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்துதான் என்பதால், எங்கே வன்மையாக, எங்கே மென்மையாக ஒலிக்க வேண்டும் என்பதை ஏதாவது ஒரு ஒலிப்பதிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தம் எத்தனை காலங்கள்? எல்லாவற்றையும் படித்தே ஆக வேண்டுமா?

இலக்கணப் புத்தகக் கணக்கில் 7 மோதோக்கள் (வினையை முன்வைக்கும் விதங்கள், அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்), அவற்றுக்குள் 21 காலங்கள். இந்திகத்தீவோவில் 8, கொன்ஜுன்தீவோவில் 4, கொந்தித்ஸியொனாலேயில் 2, இம்ப்பெரத்தீவோவில் 1, அப்புறம் இன்ஃபினீத்தோ (அகராதி வடிவம்), பர்த்திச்சீப்பியோ ('செய்த' போன்ற எச்சம்), ஜெருந்தியோ ('செய்துகொண்டு' போன்ற எச்சம்) ஒவ்வொன்றிலும் 2.

பயப்பட வேண்டாம். இந்த 21-இல் ஒன்பது, துணைவினையோடு பர்த்திச்சீப்பியோவை ஒட்டி உண்டாக்கும் கூட்டு வடிவங்கள். துணைவினையின் காலத்தை மாற்றினால் அவை தானாக வந்துவிடும். அன்றாடப் பேச்சுக்கு ப்ரெஸென்தே (நிகழ்காலம்), பஸ்ஸாத்தோ ப்ரொஸ்ஸிமோ (நடந்து முடிந்ததைச் சொல்லும் கடந்த காலம்), இம்ப்பெர்ஃபெத்தோ (நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் கடந்த காலம்), ஃபுதூரோ (எதிர்காலம்), கொந்தித்ஸியொனாலே என்ற ஐந்தே போதும். அந்த ஐந்தையும் யோசிக்காமல் சொல்ல வரும்வரை கொன்ஜுன்தீவோ பக்கம் போகாதீர்கள் என்பது என் கட்சி. சில ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மோதோ என்றால் என்ன? காலமும் அதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. காலம் 'எப்போது' என்று சொல்லும். மோதோ, பேசுகிறவர் அதை எப்படி முன்வைக்கிறார் என்று சொல்லும். நடந்ததை நடந்ததாகச் சொன்னால் இந்திகத்தீவோ. நினைப்பு, ஆசை, சந்தேகம் என்றால் கொன்ஜுன்தீவோ. 'செய்வேன், ஆனால்...' என்று ஒரு நிபந்தனையில் தொங்கினால் கொந்தித்ஸியொனாலே. ஏவினால் இம்ப்பெரத்தீவோ. இந்த நான்கில் ஆள் தெரியும். மற்ற மூன்றிலும் ஆள் தெரியாது. நம் பெயரெச்சம், வினையெச்சம் போல வேறொன்றில் சாய்ந்து நிற்கும்.

ஒரு புது வினைச்சொல் கிடைத்தால் அதை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது?

அகராதியில் இருக்கும் வடிவத்தின் வாலைப் பாருங்கள். ஆரே, எரே, ஈரே என்று மூன்று வால்கள்தான்.

பர்லாரே (பேசு): பர்லோ, பர்லி, பர்லா, பர்லியாமோ, பர்லாத்தே, பர்லனோ.

ப்ரெந்தெரே (எடு): ப்ரெந்தோ, ப்ரெந்தி, ப்ரெந்தே, ப்ரெந்தியாமோ, ப்ரெந்தேத்தே, ப்ரெந்தொனோ.

தொர்மீரே (தூங்கு): தொர்மோ, தொர்மி, தொர்மே, தொர்மியாமோ, தொர்மீத்தே, தொர்மொனோ.

வரிசை நான், நீ, அவன்/அவள், நாம், நீங்கள் (பலர்), அவர்கள். மூன்றிலும் 'நான்' ஓவில் முடிகிறது, 'நீ' இயில் முடிகிறது, 'நாம்' இயாமோவில் முடிகிறது. புதிதாக வரும் வினைச்சொற்கள் எல்லாம் ஆரே கூட்டத்தில்தான் சேரும். கணினியில் சொடுக்குவதற்கு க்ளிக்காரே என்றே சொல்கிறார்கள். அதனால் முதல் கூட்டத்தைப் பழகினாலே பாதி மொழி கைக்குள் வந்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, 'அவர்கள்' வடிவத்தில். பர்லனோவில் அழுத்தம் முதல் அசையில். பர்லானோ என்று நடுவில் இழுப்பது நம்மவர்கள் நிறைய பேர் செய்வது. தெலெஃபொனாரே (தொலைபேசியில் அழை) எடுத்தால் தெலேஃபொனனோ. அழுத்தம் பின்னாலிருந்து நான்காவது அசைக்கே போய்விடும். 'நான்' வடிவத்தில் எந்த அசையில் அழுத்தமோ, 'அவர்கள்' வடிவத்திலும் அதே அசையில்தான்.

இயோ (நான்), தூ (நீ), நொய் (நாம்) என்று எழுவாயைச் சேர்த்தே சொல்ல வேண்டுமா?

வேண்டாம். 'வந்தேன்' என்றாலே யாரென்று நமக்குத் தெரியும் அல்லவா, அங்கேயும் அதேதான். 'நான்தான் பேசுகிறேன், அவன் இல்லை' என்று அழுத்திச் சொல்லும்போது மட்டும் இயோ பர்லோ. ஒவ்வொரு வாக்கியத்திலும் இயோ, இயோ என்று சொன்னால் தற்பெருமைக்காரர் போலக் கேட்கும். ஆங்கிலம் வழியாக இத்தாலியன் படிப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. தமிழ் வழியாக யோசித்தால் வராது.

கப்பீரே ஏன் கப்போ ஆகாமல் கப்பிஸ்கோ ஆகிறது?

ஈரே கூட்டத்தில் ஒரு உட்கூட்டம் இருக்கிறது. கப்பீரே (புரிந்துகொள்), ஃபினீரே (முடி), ப்ரெஃபெரீரே (விரும்பித் தேர்ந்தெடு), புலீரே (சுத்தம் செய்), ஸ்பெதீரே (அனுப்பு) எல்லாம் இதில் வரும். கப்பிஸ்கோ, கப்பிஷ்ஷி, கப்பிஷ்ஷே, கப்பியாமோ, கப்பீத்தே, கப்பிஸ்கொனோ. 'நாம்', 'நீங்கள்' இரண்டிலும் இந்த 'இஸ்க்' வராது என்பதைக் கவனியுங்கள். தொர்மீரே, பர்தீரே (புறப்படு), அப்ரீரே (திற), ஸென்தீரே (கேள், உணர்) போன்றவை இதில் சேராது. பார்த்ததும் எது எந்த வகை என்று சொல்ல எளிய வழி இல்லை. ஆனால் 'இஸ்க்' வாங்கும் சொற்களே எண்ணிக்கையில் அதிகம்.

ஒழுங்கில்லாதவற்றில் எதிலிருந்து தொடங்குவது?

எஸ்ஸெரே (இரு): ஸோனோ, ஸேய், எ, ஸியாமோ, ஸியேத்தே, ஸோனோ. அவேரே (வைத்திரு): ஓ, ஆய், ஆ, அப்பியாமோ, அவேத்தே, அன்னோ. இந்த இரண்டும் எல்லாக் கூட்டு வடிவங்களுக்கும் துணைவினை என்பதால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். அடுத்து அந்தாரே (போ), ஃபாரே (செய்), வெனீரே (வா), ஸ்தாரே (இரு), தாரே (கொடு), தீரே (சொல்). அப்புறம் மூன்று துணைகள்: பொத்தேரே (முடியும்), தொவேரே (வேண்டும், கட்டாயம்), வொலேரே (விரும்பு). இவை எல்லாம் வாயில் அடிக்கடி புரண்டு தேய்ந்த சொற்கள், அதனால்தான் கோணல். பழக்கத்தில் வந்துவிடும், கவலை வேண்டாம்.

'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு எப்போதும் ஸ்தோ மஞ்ஜந்தோ தானா?

இந்த நொடியில் தட்டு முன்னால் இருந்தால் ஸ்தோ மஞ்ஜந்தோ. அப்போதும்கூட வெறும் மஞ்ஜோ தப்பில்லை. 'ரோமில் வேலை செய்துகொண்டிருக்கிறேன்' என்பதை லவோரோ அ ரோமா என்று ப்ரெஸென்தேயிலேயே சொல்வது வழக்கம். நாளைக்குச் செய்யப்போவதற்கு ஸ்தாரே வடிவம் ஒருபோதும் வராது. தொமானி வாதோ (நாளைக்குப் போகிறேன்) என்று சாதாரண ப்ரெஸென்தே போதும்.

கடந்த காலத்துக்கு ஏன் சில வினைகள் அவேரேயையும் சில எஸ்ஸெரேயையும் எடுக்கின்றன?

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. ஓ பர்லாத்தோ (பேசினேன்), ஆனால் ஸோனோ அந்தாத்தோ (போனேன்). புத்தகங்கள் 'இயக்க வினைகளுக்கு எஸ்ஸெரே' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அப்படியானால் கம்மினாரே (நட) ஏன் ஓ கம்மினாத்தோ, வியஜ்ஜாரே (பயணம் செய்) ஏன் ஓ வியஜ்ஜாத்தோ என்று மாணவர் கேட்டால் பதில் இருக்காது.

இப்படிப் பாருங்கள். செயலின் முடிவில் எழுவாய் வேறு இடத்திலோ வேறு நிலையிலோ இருந்தால் எஸ்ஸெரே: அந்தாரே (போ), வெனீரே (வா), அர்ரிவாரே (வந்து சேர்), பர்தீரே (புறப்படு), நஷ்ஷெரே (பிற), மொரீரே (இற), திவென்தாரே (ஆகு). நடப்பது ஒரு செயல் மட்டும்தான். எங்கே போய்ச் சேர்ந்தோம் என்று அது சொல்வதில்லை. ரெஸ்தாரே (தங்கு) மாதிரி இதில் அடங்காத சிலவும் எஸ்ஸெரே பக்கம் உண்டு. அவற்றைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதுதான்.

தமிழருக்கு இதில் ஒரு தனிச் சலுகை இருக்கிறது. நம்மிடம் முடிந்தது/முடித்தேன், மாறியது/மாற்றினேன், கூடியது/கூட்டினார்கள் என்று ஜோடிகள் உண்டு. இத்தாலியனில் ஒரே வினைச்சொல்தான். துணைவினையைப் பார்த்துத்தான் வித்தியாசம் தெரியும். இல் ஃபில்ம் எ ஃபினீத்தோ என்றால் படம் முடிந்தது. ஓ ஃபினீத்தோ இல் லவோரோ என்றால் வேலையை முடித்தேன். இ ப்ரெத்ஸி ஸோனோ அவுமென்தாத்தி, விலை கூடியது. அன்னோ அவுமென்தாத்தோ இ ப்ரெத்ஸி, விலையைக் கூட்டிவிட்டார்கள். இந்த மாதிரி ஜோடிகளில் தமிழ் 'முடிந்தது' பக்கம் போனால் எஸ்ஸெரே, 'முடித்தேன்' பக்கம் போனால் அவேரே. தொர்மீரே போன்றவற்றுக்கு இது பொருந்தாது. செயப்படுபொருள் இல்லாவிட்டாலும் அது ஓ தொர்மீத்தோ தான்.

தன்னைத் தானே செய்துகொள்ளும் வினைகள் எல்லாம் எஸ்ஸெரே. மி ஸோனோ அல்த்ஸாத்தோ (எழுந்தேன்), மி ஸோனோ லவாத்தோ (குளித்தேன், கழுவிக்கொண்டேன்). இதில் விலக்கே இல்லை.

பெண் பேசினால் கடைசி எழுத்து மாறுமா?

எஸ்ஸெரேயோடு வந்தால் மாறும். ஆண் ஸோனோ அந்தாத்தோ என்பார், பெண் ஸோனோ அந்தாத்தா என்பார். பலர் என்றால் ஸியாமோ அந்தாத்தி. எல்லாரும் பெண்கள் என்றால் ஸியாமோ அந்தாத்தே. நமக்கு 'போனான், போனாள்' என்று படர்க்கையில்தான் பால் தெரியும், 'போனேன்' என்பதில் தெரியாது. அங்கே தன்மையிலேயே தெரிந்துவிடும்.

அவேரேயோடு வந்தால் மாறாது, ஒரு இடம் தவிர: 'அதை, அவர்களை' என்ற சுட்டு வினைக்கு முன்னால் வந்துவிட்டால் அதற்கேற்ப மாறும். லீ ஓ விஸ்தி, அவர்களைப் பார்த்தேன்.

எந்த பர்த்திச்சீப்பியோக்களை மனப்பாடம் செய்ய வேண்டும்?

ஒழுங்கானவை பர்லாத்தோ, அவூத்தோ, தொர்மீத்தோ என்று போகும். எரே கூட்டம்தான் அடங்காப்பிடாரி. தினமும் வருபவை: ஃபத்தோ (செய்த), தெத்தோ (சொன்ன), ஸ்க்ரித்தோ (எழுதிய), லெத்தோ (படித்த), விஸ்தோ (பார்த்த), ப்ரேஸோ (எடுத்த), மெஸ்ஸோ (வைத்த), க்யூஸோ (மூடிய), அப்பெர்தோ (திறந்த), ரிமஸ்தோ (தங்கிய), ஸ்தாத்தோ (இருந்த). இவற்றை வாக்கியத்தோடு படியுங்கள். தனிச்சொல்லாகப் படித்தால் ஒரு வாரம்கூட நிற்காது.

இம்ப்பெர்ஃபெத்தோவா, பஸ்ஸாத்தோ ப்ரொஸ்ஸிமோவா? எப்படி முடிவு செய்வது?

வடிவத்தைப் பொறுத்தவரை இம்ப்பெர்ஃபெத்தோ மாதிரி சாதுவானது இல்லை: பர்லாவோ, பர்லாவி, பர்லாவா, பர்லவாமோ, பர்லவாத்தே, பர்லாவனோ. மற்றவையும் அதே வால்: ப்ரெந்தேவோ, தொர்மீவோ. எஸ்ஸெரே மட்டும் தனி வழி: ஏரோ, ஏரி, ஏரா, எரவாமோ, எரவாத்தே, ஏரனோ.

பயன்பாட்டில்தான் குழப்பம். பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது, வழக்கமாக நடந்தது, வருணனை எல்லாம் இம்ப்பெர்ஃபெத்தோ. குறுக்கே வந்து நடந்து முடிந்தது பஸ்ஸாத்தோ ப்ரொஸ்ஸிமோ. மென்த்ரே தொர்மீவோ, எ அர்ரிவாத்தோ மார்கோ: நான் தூங்கிக்கொண்டிருந்தபோது மார்கோ வந்தான். 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்' என்று நாம் கதை தொடங்குவதுபோல அங்கே சேரா ஊனா வோல்தா, அதுவும் இம்ப்பெர்ஃபெத்தோதான்.

நீண்ட காலம் என்றால் இம்ப்பெர்ஃபெத்தோ, குறுகிய நேரம் என்றால் மற்றது என்று ஒரு தவறான விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. ரோமில் பத்து வருடம் இருந்தேன் என்பது ஓ விஸ்ஸூத்தோ அ ரோமா பெர் தியேச்சி அன்னி. பத்து வருடம் என்று எல்லை போட்டு மூடிவிட்டீர்கள், அதனால் இம்ப்பெர்ஃபெத்தோ வராது. எல்லை உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி, எவ்வளவு நேரம் என்பது கணக்கில் இல்லை.

சில வினைகளில் காலம் மாறினால் பொருளே மாறும். ஸப்பேவோ என்றால் எனக்கு ஏற்கனவே தெரியும். ஓ ஸப்பூத்தோ என்றால் எனக்குத் தெரியவந்தது. கொனொஷ்ஷேவோ என்றால் முன்பே பழக்கம். ஓ கொனொஷ்ஷூத்தோ என்றால் அப்போதுதான் அறிமுகம்.

இன்னொன்று: கடையில் நின்று வொலேவோ என்று தொடங்குபவர் பழங்கதை பேசவில்லை. வொலேவோ க்யேதெரே என்பது 'ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்' என்று நாம் இழுப்பதற்குச் சமம். மரியாதைக்காகக் கடந்த காலத்தில் ஒதுங்கி நிற்கிறார், அவ்வளவுதான்.

பஸ்ஸாத்தோ ரெமோத்தோவை (தூரக் கடந்த காலம்) யாராவது இன்னும் பேசுகிறார்களா? விட்டுவிடலாமா?

எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மிலானோ, தொரீனோ பக்கம் பேச்சில் கிட்டத்தட்ட இல்லை. தாத்தாவின் கல்யாணத்தைக்கூட பஸ்ஸாத்தோ ப்ரொஸ்ஸிமோவில்தான் சொல்வார்கள். தொஸ்கானாவில் இன்னும் சமீபம், தூரம் என்று பிரித்துப் பேசுவார்கள். சிசிலியில் காலையில் நடந்ததையே ரெமோத்தோவில் சொல்வதைக் கேட்கலாம். 'என்ன ஆச்சு?' என்பதற்கு வடக்கே கே எ ஸுச்செஸ்ஸோ, அங்கே கே ஸுச்செஸ்ஸே. சிசிலியின் பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். புத்தகத்தில் 'இலக்கியத்தில் மட்டும்' என்று போட்டிருக்கும் வடிவம் அவர்களுடைய தெருவில், காய்கறிக் கடையில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது.

பேசாவிட்டாலும் படிக்கத் தெரிய வேண்டும். கதை, வரலாறு எல்லாம் அதில்தான். தான்தே நக்குவே அ ஃபிரென்த்ஸே நெல் 1265, மொரீ அ ரவென்னா நெல் 1321: கவிஞர் தாந்தே 1265-இல் ஃபிரென்த்ஸேயில் (ஃப்ளோரன்ஸ்) பிறந்தார், 1321-இல் ரவென்னாவில் இறந்தார்.

வடிவத்துக்கு ஒரு சூத்திரம். ஒழுங்கற்ற வினைகளில் பெரும்பாலானவை 'நான், அவன், அவர்கள்' என்ற மூன்று இடத்தில்தான் கோணும். ப்ரெந்தெரேயை எடுங்கள்: ப்ரேஸி, ப்ரெந்தெஸ்தி, ப்ரேஸே, ப்ரெந்தெம்மோ, ப்ரெந்தெஸ்தே, ப்ரேஸெரோ. 'நீ, நாம், நீங்கள்' மூன்றும் ப்ரெந்தெரே என்ற அசல் அடியிலேயே நிற்கின்றன. ஆக, ப்ரேஸி என்ற ஒரு சொல் தெரிந்தால் ஆறும் தெரியும். இதைப் படித்தவுடன் பலருக்கும் மூச்சு வரும்.

எதிர்காலம் சொல்லாத இடத்திலும் ஃபுதூரோ வருகிறதே, ஏன்?

நாமும் அதைத்தானே செய்கிறோம்! 'மணி என்ன?' என்று கேட்டால் 'எட்டு இருக்கும்' என்கிறோம். ஸரன்னோ லெ ஒத்தோ. 'அவருக்கு முப்பது வயது இருக்கும்': அவ்ரா த்ரென்தன்னி. உறுதியில்லாமல் ஊகிக்கும்போது எதிர்காலம். ஆங்கிலம் வழி படிப்பவர்கள் இதற்குத் தனிப் பாடம் படிக்கிறார்கள். நமக்கு வீட்டுச் சொத்து.

வடிவம்: பர்லெரோ, பர்லெராய், பர்லெரா, பர்லெரேமோ, பர்லெரேத்தே, பர்லெரன்னோ. பர்லெரோவிலும் பர்லெராவிலும் அழுத்தம் கடைசி எழுத்தில், எழுதும்போதும் அதன் மேல் கோடு போட வேண்டும். ஆரே கூட்டத்தில் 'பர்லரோ' ஆகாமல் 'பர்லெரோ' ஆவதையும் பாருங்கள். இந்த வால்கள் வேறொன்றுமில்லை, அவேரேயின் ஓ, ஆய், ஆ, அன்னோதான். பேச்சு லத்தீனில் 'பேச வைத்திருக்கிறேன்' என்ற மாதிரி இரண்டு சொல்லாக இருந்தது ஒட்டிக்கொண்டது. இது தெரிந்தால் வால்களைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. சுருங்கிய சில அடிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஸரோ, அவ்ரோ, அந்த்ரோ, பொத்ரோ, தொவ்ரோ, வெத்ரோ, வெர்ரோ, வொர்ரோ.

பர்லெரேமோ, பர்லெரெம்மோ இரண்டும் ஒன்றா?

இல்லவே இல்லை. ஒரு 'ம' என்றால் ஃபுதூரோ, 'பேசுவோம்'. இரட்டை 'ம்ம' என்றால் கொந்தித்ஸியொனாலே, 'பேசுவோம்தான், ஆனால்...' என்ற தொங்கல். ஐரோப்பிய மாணவர்கள் பலருக்கு இந்த இரட்டிப்பு காதில் விழவே விழாது. கனியும் கன்னியும் வேறு என்று பிறந்ததிலிருந்து தெரிந்த காது நமக்கு. வாயிலும் அதைக் காட்டுங்கள், தயங்காமல் அழுத்துங்கள்.

கொந்தித்ஸியொனாலே முழுதும்: பர்லெரேய், பர்லெரெஸ்தி, பர்லெரெப்பே, பர்லெரெம்மோ, பர்லெரெஸ்தே, பர்லெரெப்பெரோ. அடி ஃபுதூரோவின் அதே அடி. ஃபுதூரோவில் வெர்ரோ என்றால் இங்கே வெர்ரேய். புதிதாக எதுவும் இல்லை. முதலில் பயன்படப்போவது வொர்ரேய், 'எனக்கு வேண்டும்' என்பதன் பணிவான வடிவம். காப்பிக் கடையில் வொல்யோ (அதே வினையின் ப்ரெஸென்தே) என்றால் 'குடு' என்று நீட்டுவதுபோல இருக்கும்.

செய்தித்தாள் படிக்கும்போது இன்னொரு வேலையையும் பார்ப்பீர்கள். இல் லாத்ரோ ஸரெப்பே ஃபுஜ்ஜீத்தோ. திருடன் 'ஓடியிருப்பான்' என்று ஊகிக்கவில்லை; 'திருடன் தப்பி ஓடிவிட்டதாகக் கூறப்படுகிறது' என்று நம் நிருபர்கள் எழுதுவதன் இத்தாலிய வடிவம். பொறுப்பு எங்களுடையது இல்லை என்று ஒரே வினைச்சொல்லில் கைகழுவிவிடலாம்.

கொன்ஜுன்தீவோ எப்போது வரும்? தமிழில் இதற்கு இணையே இல்லையே?

இல்லைதான். 'அவன் வீட்டில் இருக்கிறான் என்று தெரியும்', 'அவன் வீட்டில் இருக்கிறான் என்று நினைக்கிறேன்' இரண்டிலும் 'இருக்கிறான்' மாறவில்லை. இத்தாலியனில் மாறும். ஸோ கே எ அ காஸா (தெரியும்), பென்ஸோ கே ஸீயா அ காஸா (நினைக்கிறேன்).

நினைப்பு, நம்பிக்கை, ஆசை, பயம், 'முக்கியம், அவசியம்' போன்ற மதிப்பீடு இவற்றுக்குப் பின் 'கே' (என்று) வந்தால் கொன்ஜுன்தீவோ. பெங்கே (இருந்தபோதிலும்), அஃப்பிங்கே (இதற்காக), அ மேனோ கே (இல்லாவிட்டால்) ஆகியவற்றுக்குப் பின்னும் அதுவே. ப்ரீமா கே (முன்பு) இதை எடுக்கும், தோப்போ கே (பிறகு) எடுக்காது. முன்பு என்றால் இன்னும் நடக்கவில்லை, பிறகு என்றால் நடந்தாயிற்று. அப்படி ஞாபகம் வையுங்கள்.

இரண்டு பக்கமும் ஆள் ஒன்றே என்றால் கொன்ஜுன்தீவோ தேவையில்லை. வொல்யோ வெனீரே: நான் வர விரும்புகிறேன். வொல்யோ கே தூ வெங்கா: நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

தப்பிக்கும் வழி ஒன்றும் உண்டு. பென்ஸோ கே என்பதற்குப் பதில் ஸெகொந்தோ மே (என்னைக் கேட்டால்) என்று தொடங்குங்கள்; சாதாரண இந்திகத்தீவோ போதும். ஸெகொந்தோ மே எ அ காஸா. யாரும் குறை சொல்ல முடியாது.

வடிவம்?

ப்ரெஸென்தேயில் 'நான்' என்பதை எடுத்து ஓவை மாற்றுங்கள். ஆரே கூட்டம் இ ஆகும்: பர்லி. மற்ற கூட்டங்கள் ஆ ஆகும்: ப்ரெந்தா, தொர்மா, கப்பிஸ்கா. கோணல் வினைகளுக்கும் இதே வழி: வெங்கோ வெங்கா ஆகும், ஃபச்சோ ஃபச்சா ஆகும், தீக்கோ தீக்கா ஆகும், வாதோ வாதா ஆகும். ஒருமையில் மூன்று ஆளுக்கும் ஒரே வடிவம். அதனால் இங்கே மட்டும் இயோ, தூ என்று எழுவாயைச் சேர்க்க வேண்டிவரும். வழிக்கு வராதவை சில: ஸீயா, அப்பியா, ஸப்பியா, ஸ்தீயா, தீயா.

ஆரே கூட்டத்தின் இயை மற்றவற்றுக்கும் ஒட்டி வாதி, ஃபச்சி, வெங்கி என்று சொன்னால் இத்தாலியர்கள் சிரித்துவிடுவார்கள். அரைகுறைப் படிப்புள்ள குமாஸ்தாவைக் கேலி செய்ய நகைச்சுவையில் நெடுங்காலமாகப் பயன்படும் தப்பு அது.

இத்தாலியர்களே பென்ஸோ கே எ என்று சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், பேச்சில் நிறையவே. எழுத்தில் வந்தால் சக இத்தாலியரே திருத்துவார். வெளியிலிருந்து வரும் நாம் சரியானதைத் தெரிந்துகொண்டு பிறகு தளர்த்திக்கொள்வது நல்லது.

'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்பதை எப்படிச் சொல்வது?

ஸே லவெஸ்ஸி ஸப்பூத்தோ, ஸரேய் வெனூத்தோ. தமிழ் வாக்கியத்தையே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'தெரிந்து-இருந்தால்', 'வந்து-இருப்பேன்'. இரண்டு பாதியிலும் 'இரு' சேர்ந்து கூட்டு வடிவமாகிறது. அங்கேயும் இரண்டு பாதியும் கூட்டு வடிவம்: முதல் பாதி கொன்ஜுன்தீவோ த்ரபஸ்ஸாத்தோ, இரண்டாம் பாதி கொந்தித்ஸியொனாலே பஸ்ஸாத்தோ.

இன்னும் கை நழுவாத, கற்பனை மட்டுமான நிலை என்றால் ஸே அவெஸ்ஸி தெம்ப்போ, வெர்ரேய்: நேரம் இருந்தால் வருவேன், ஆனால் இல்லை. நிஜமாகவே நடக்கக்கூடியது என்றால் எந்தச் சிக்கலும் இல்லை: ஸே ஓ தெம்ப்போ, வெங்கோ.

'ஸே' ('இருந்தால்' என்பதில் வரும் 'ஆல்') பக்கத்தில் கொந்தித்ஸியொனாலே போடுவது, அதாவது ஸே அவ்ரேய், பள்ளிக்கூடத்தில் காதைத் திருகும் தப்பு. அதைச் செய்யாதீர்கள். ஆனால் ஸே லோ ஸப்பேவோ, வெனீவோ என்று இரண்டு பக்கமும் இம்ப்பெர்ஃபெத்தோ போட்டுப் பேசுவதைத் தாராளமாகக் கேட்பீர்கள். பேச்சுக்கு அது ஓடும்.

பெரியவர்களிடம் ஏவல் எப்படி? நீ, நீங்கள் வித்தியாசம் உண்டா?

உண்டு, ஆனால் வேறு மாதிரி. நாம் மரியாதைக்குப் பன்மைக்குப் போகிறோம். இத்தாலியர் 'லேய்' என்று படர்க்கை ஒருமைக்குப் போகிறார்கள். எதிரே நிற்பவரிடம் 'அவர் எப்படி இருக்கிறார்?' என்று கேட்பது போல, கோமே ஸ்தா? 1938-இல் முசோலினி ஆட்சி லேய் கூடாது, வொய் (நீங்கள்) என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. போர் முடிந்ததும் லேய் திரும்பி வந்துவிட்டது. நேப்பிள்ஸ் போன்ற தென்பகுதி ஊர்களில் வயதானவர்களிடம் வொய் சொல்லும் பழைய வழக்கம் இன்றும் உண்டு. அதற்கும் இந்த உத்தரவுக்கும் சம்பந்தமில்லை.

மரியாதை ஏவலுக்குத் தனி வடிவம் கிடையாது; கொன்ஜுன்தீவோவைக் கடன் வாங்குகிறார்கள். நண்பனிடம் ஸ்கூஸா (மன்னிச்சுக்கோ), தெரியாதவரிடம் ஸ்கூஸி (மன்னிச்சுக்கோங்க). நண்பனிடம் தீம்மி (சொல்லு), கடைக்காரர் உங்களிடம் மி தீக்கா (சொல்லுங்க). ஆரே கூட்டத்தில் ஆ நெருக்கம், இ மரியாதை. மற்றவற்றில் நேர் தலைகீழ், ப்ரெந்தி நெருக்கம், ப்ரெந்தா மரியாதை. கொன்ஜுன்தீவோவை ஒத்திப்போடச் சொன்னேன் அல்லவா? ஸ்கூஸி, ஸென்தா (கேளுங்க), மி தீக்கா மூன்றையும் மட்டும் முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள்.

'நீ செய்யாதே' என்பதற்கு நொன் போட்டு அகராதி வடிவத்தையே சொன்னால் போதும்: நொன் பர்லாரே.

மி பியாச்சே என்பதில் எழுவாய் எது?

'எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும்' என்பதில் எழுவாய் எதுவோ அதுவேதான். மி என்பது 'எனக்கு'. பிடித்த பொருள்தான் எழுவாய், வினை அதைத்தான் பார்க்கும். ஒன்று என்றால் மி பியாச்சே, பல என்றால் மி பியச்சொனோ. கடந்த காலத்தில் எஸ்ஸெரே, அதனால் பொருளின் பாலும் தெரியும்: மி எ பியச்சூத்தா லா பீட்ஸா. ஆங்கில வழியில் படிப்பவர்கள் இயோ பியாச்சோ என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். அதற்கு 'நான் பிறருக்குப் பிடித்தமானவன்' என்று பொருள்.

கதவில், அறிவிப்புப் பலகையில் அகராதி வடிவமே எழுதியிருக்கிறார்களே?

பொதுவாக எல்லாருக்கும் சொல்வதால் ஆள் இல்லாத இன்ஃபினீத்தோ. ஸ்பிஞ்ஜெரே என்றால் தள்ளவும், திராரே என்றால் இழுக்கவும். நம் '-வும்' செய்யும் வேலைதான். சமையல் குறிப்பு, மருந்துச் சீட்டு, இயந்திரக் கையேடு எல்லாவற்றிலும் இதைப் பார்ப்பீர்கள்.

குடியுரிமைக்கான மொழித் தேர்வுக்கு எதுவரை படிக்க வேண்டும்?

2018 முதல், திருமணம் மூலமோ வசிப்பு மூலமோ இத்தாலியக் குடியுரிமை கேட்பவர்களிடம் பொதுவாக பி1 நிலைச் சான்று (ஐரோப்பிய மொழித் தர அளவில் நடுத்தர நிலை) கேட்கிறார்கள். நீண்டகால வசிப்பு அனுமதிக்கு அதற்கு ஒரு படி கீழான ஏ2 போதும். சியேனா வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் சில்ஸ், பெரூஜா வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் சேலி, தாந்தே அலிகியேரி சங்கத்தின் ப்லீதா ஆகிய தேர்வுகளின் சான்றுகள் செல்லும். ஏ2-க்கு ப்ரெஸென்தே, இரண்டு கடந்த காலங்கள், நெருக்க ஏவல் ஆகியவை திடமாக இருக்க வேண்டும். பி1-க்கு நான் முதலில் சொன்ன ஐந்தும் தடுமாறாமல் வர வேண்டும், கூடவே கொன்ஜுன்தீவோ ப்ரெஸென்தே அடையாளம் தெரிய வேண்டும். தேர்வில் வாய்மொழிப் பகுதி உண்டு என்பதை மறந்து அட்டவணையையே எழுதி எழுதிப் பார்ப்பவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள்.

த்ரபஸ்ஸாத்தோ ரெமோத்தோ என்றொரு காலமும் இருக்கிறதே, அது எதற்கு?

பழைய நாவல்களில் 'அவன் முடித்தவுடனே' என்ற இடத்தில் குவந்தோ எப்பே ஃபினீத்தோ என்று வரும். பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். பேசத் தேவையில்லை; இத்தாலியர்களும் பேசுவதில்லை.